மூச்சைப் பெரிதாக இழுக்காதீர்கள், சார்

நியூ ஜெர்சியில் இருபத்திரண்டு வருடம் நான் பார்த்த வேலையை இரண்டே வரியில் சொல்லிவிடலாம். படுத்திருப்பவரிடம் மூச்சை நிறுத்தச் சொல்ல வேண்டும். படம் எடுத்து முடித்ததும் மூச்சு விடச் சொல்ல வேண்டும். படிப்பு, பரீட்சை, லைசென்ஸ் எல்லாம் முதலாவதற்குத்தான். இரண்டாவதைச் சொல்ல மறந்தால் வேலை போய்விடும்.

சென்ற மாதம் எங்கள் தமிழ்ச் சங்க மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "ஆன்ட்டி, நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்களாமே? உங்க ஜர்னி பத்தி இன்ஸ்பையரிங்கா ரெண்டு பக்கம் எழுதித் தாங்களேன். நெகட்டிவா மட்டும் எதுவும் வேண்டாம்" என்றார். எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. அவர் வேண்டாம் என்று சொன்னதும் கொஞ்சம் கலந்துவிட்டது. போடுவதும் போடாததும் அவர் இஷ்டம்.

என் பெயர் கோமதி. ராஜபாளையத்தில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, கல்யாணமாகி, கணவர் முருகேசனின் ஐ.டி. வேலையைத் தொடர்ந்து பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்தவள். கிரீன் கார்டு வரும்வரை நான் வேலை பார்க்க அனுமதியில்லை. வந்த மறுவாரமே கம்யூனிட்டி காலேஜில் எக்ஸ்ரே படிப்பில் சேர்ந்தேன். பிறகு சி.டி. ஸ்கேனுக்குத் தனிப் பயிற்சி. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பகலில் எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தேன், மாலையில் மகனின் ஸ்பெல்லிங் பீ வார்த்தைகளை மனப்பாடம் செய்தேன். இரண்டும் சில சமயம் ஒன்றேதான்.

வேலை கிடைத்த புதிதில் ஒரு பிறந்தநாள் விருந்தில் ஒருவர் கேட்டார். "என்ன பண்றீங்க?"

"சி.டி.ல இருக்கேன்."

"ஐ.டி.யா? எந்த கிளையன்ட்?"

"ஐ.டி. இல்லைங்க, சி.டி. ஹாஸ்பிட்டல்ல."

"ஓ, ஹெல்த்கேர் டொமைன்!" என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் யாரையும் திருத்தவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு நடுவில் டாக்டர் என்றால் மரியாதை, ஐ.டி. என்றால் சமம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு வைப்பதற்கு அவர்களிடம் பெட்டி இல்லை.

நான் அதிகமாக எடுத்தது நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன். காலில் உறைந்த ரத்தம் கழன்று, இதயம் வழியாகப் போய், நுரையீரலுக்குப் போகும் குழாயை அடைத்துக்கொள்ளும். சிலருக்கு அது லேசான மூச்சுத்திணறல். சிலருக்கு அதுவே கடைசி மூச்சு. எவருக்கு எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் எங்கள் அவசரப் பிரிவில் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு வந்த எல்லோருக்கும் அந்த ஸ்கேனை எழுதிவிடுவார்கள். சட்டைப் பையிலிருந்து பேனா எடுக்க நெஞ்சைத் தொட்டவருக்கும் எழுதியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் படம் எடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. கட்டி தானாகப் படத்தில் தெரியாது. முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடித்த ஊசி போட்டு, கான்ட்ராஸ்ட் மருந்தை வேகமாகச் செலுத்துவோம். மருந்து கலந்த ரத்தம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். கட்டி இருக்கும் இடம் மட்டும் சாம்பலாக நிற்கும். ஆனால் அந்த வெள்ளை நுரையீரல் குழாயில் சில வினாடிகள்தான் இருக்கும். முந்தினால் இன்னும் வந்திருக்காது, பிந்தினால் தாண்டிப் போயிருக்கும். மெஷின் இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்து, வெள்ளை ஏறியதும் பாயும். அந்த நேரம் பார்த்து நோயாளி மூச்சைப் பலமாக உள்ளே இழுத்தால் போச்சு. வயிற்றுப் பக்கத்திலிருந்து மருந்து கலக்காத ரத்தம் திடுதிடுவென்று இதயத்துக்குள் ஏறி, வெள்ளையை நீர்க்கச் செய்துவிடும். படம் முழுக்க ஒரே சாம்பல். அதில் கட்டி இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது.

இதை எனக்குக் கற்பித்தவர் டாக்டர் மிரியம். படங்களைப் படித்து அறிக்கை சொல்லும் ரேடியாலஜிஸ்ட். இருட்டறையில் உப்பு பிரெட்செல் பிஸ்கட் டப்பாவோடு உட்கார்ந்திருப்பார். முகம் பார்த்துப் பேசும் பழக்கமே கிடையாது, திரையைப் பார்த்துத்தான் பேசுவார். நடைபாதையில் எதிரே வந்தால் என்னை அடையாளம் தெரியாது. ஆனால் நான் லீவிலிருந்து திரும்பிய நாளில், "போன வாரம் நீ எடுக்கவில்லை, தெரிந்தது" என்பார். படம் வந்ததும் நுரையீரல் குழாயின் மேல் ஒரு சின்ன வட்டம் போடுவார். வெள்ளை எவ்வளவு என்று மெஷின் ஒரு எண் காட்டும். இருநூற்றுக்கு மேல் என்றால் மௌனம். அதற்குக் கீழே என்றால் போன் வரும். "யார் எடுத்தது?" அந்த இரண்டு வார்த்தைக்காக எங்கள் பிரிவில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் கழிவறையில் ஒளிந்திருக்கிறார்கள்.

பிறகு காலம் முன்னேறியது. டாக்டர்கள் வீட்டிலிருந்தே படம் பார்க்கலாம் என்று ஆயிற்று. மிரியமின் இருட்டறை ஊழியர் மனநல அறையாக மாறியது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் செடியும், ஆழமாக மூச்சு விடுங்கள் என்று எழுதிய போஸ்டரும் வைத்தார்கள். டாக்டரிடம் பேச வேண்டுமானால் கணினியில் வரிசையில் பதிவு செய்ய வேண்டும்.

அதே சமயத்தில் எங்களுக்குப் புது மேனேஜர் வந்தார். பெயர் கீத். ஹோட்டல் நிர்வாகத்திலிருந்து வந்தவர். நோயாளிகளை விருந்தினர் என்றுதான் சொல்வார். கெட்ட மனிதர் இல்லை. எல்லோர் பிறந்தநாளும் அவருக்குத் தெரியும், கேக்கும் வாங்கி வருவார். என் பெயரைச் சுருக்கி 'கோ' ஆக்கிவிட்டார். "கோ, கம் ஹியர்" என்று கூப்பிடும்போது போவதா வருவதா என்று முதல் மாதம் எனக்குத் தடுமாற்றமாக இருந்தது.

ஒருநாள் அவருக்கு ஒரு யோசனை. மெஷினில் மூச்சை நிறுத்தச் சொல்லும் குரல் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பதிவாகியிருந்தது. "நம் விருந்தினர்களில் இந்தியர்கள் அதிகம். கோ, நீ இந்தியனில் பேசிப் பதிவு செய்" என்றார். எந்த இந்தியன் என்று கேட்டேன். "ரெகுலர் இந்தியன்" என்றார். எனக்குத் தெரிந்த ரெகுலர் இந்தியனில் பதிவு செய்து கொடுத்தேன். ஆறு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. குஜராத்திகளும் பஞ்சாபிகளும் என் ராஜபாளையம் தமிழைக் கேட்டு மரியாதையாகத் திகைத்துப் படுத்திருந்தார்கள். திகைப்பில் மூச்சு தானாக நின்றது. படங்கள் அருமையாக வந்தன.

கீத்தின் அடுத்த யோசனைதான் என் கதை. கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினார். "ரிப்பீட் இல்லாத நாட்கள்" என்று தலைப்பு. ஒரு படம் சரியில்லாமல் மறுபடி எடுப்பதுதான் ரிப்பீட். தொழிற்சாலைகளில் விபத்து இல்லாத நாட்களை எண்ணுவார்களே, அந்த மாதிரி. ஒரு ரிப்பீட் ஆனாலும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும். ரிப்பீட் எடுத்தவர் ஏழு கட்டமுள்ள ஒரு படிவம் நிரப்ப வேண்டும். முப்பது நாளைத் தொட்டால் தலைமையகத்திலிருந்து ஆட்கள் வந்து ஷீல்டு கொடுப்பார்கள்.

பலகை வந்ததும் எங்கள் கைகளெல்லாம் திடீரென்று தேர்ச்சி பெற்றுவிட்டதைப் போல ரிப்பீட் நின்றுபோயிற்று. பத்து நாள், இருபது நாள் என்று ஏறியது. எப்படி என்று கீத் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் ஒரு புதன்கிழமை. பகல் இரண்டு மணிக்கு விழா. தலைமையகத்திலிருந்து கோட் போட்ட மூன்று பேர் வந்து நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார்கள். கேக்கில் சி.டி. மெஷினைக் கிரீமால் வரைந்திருந்தார்கள், நடுவில் 30. ஒன்றேகால் மணிக்கு அவசரப் பிரிவிலிருந்து ஒரு நோயாளியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

நடராஜன் சார். பிஸ்கட்டவேயில் இருப்பவர், மருந்துக் கம்பெனியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைகளில் கோயில் ஹாலில் பிராணாயாம வகுப்பு எடுப்பார். எனக்கு அவரைப் போஸ்டரில் தெரியும். நெஞ்சு நிமிர்த்தி, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். வரும் சனிக்கிழமை அவர் நடத்தவிருந்த முகாமின் பெயர் 'நுரையீரல் காப்போம்.' நான்கு நாள் முன்புதான் சென்னையிலிருந்து வந்திருந்தார். விமானத்தில் இருபது மணி நேரம். வலது கெண்டைக்கால் வீங்கி இருந்தது. மாடிப்படி ஏறும்போது நின்று நின்று ஏறினாராம். கூட அவருடைய மகள் அனு, முப்பது வயது இருக்கும், இங்கேயே பிறந்தவள்.

"சிஸ்டர் தமிழா?" என்றார் என் பெயர் அட்டையைப் பார்த்து. நம்மவர்களுக்கு ஆஸ்பத்திரியில் பார்க்கிற பெண்கள் எல்லோரும் சிஸ்டர். "நல்லதாப் போச்சு. இவங்ககிட்ட நீங்களாவது சொல்லுங்க. இது வாயு. பிளைட்ல ராஜ்மா குடுத்தான். அதான்."

"டாட், ப்ளீஸ். யூ குடுன்ட் கிளைம்ப் த ஸ்டெப்ஸ்" என்றாள் அனு.

"ஸ்டெப்ஸ் ஏறலன்னா ஹார்ட்டுன்னு அர்த்தமா? முழங்கால்னு அர்த்தம்."

நான் அவரைப் படுக்க வைத்து, ஊசியைச் சரிபார்த்து, கைகளைத் தலைக்கு மேலே வைக்கச் சொன்னேன். "சார், மருந்து போகும்போது உடம்பெல்லாம் சூடா இருக்கும், பயப்படாதீங்க. நான் சொல்றப்ப மூச்சைக் கொஞ்சமா எடுத்து அப்படியே நிறுத்துங்க. பெருசா இழுக்கக் கூடாது. கொஞ்சமா."

"மூச்சைப் பத்தி எனக்கா சிஸ்டர்?" என்று கண்ணை மூடிப் புன்னகைத்தார்.

அந்தப் புன்னகையைப் பார்த்தபோதே நான் இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்குப் போய் மருந்தைச் செலுத்தினேன். வெள்ளை ஏறியது. "மூச்சை நிறுத்துங்க" என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடராஜன் சார் முப்பது வருடப் பயிற்சியைக் காட்டினார். வயிறு எக்கியது, விலா விரிந்தது, மார்பு மெஷினின் கூரையைத் தொட்டுவிடும்போல எழுந்தது. பிள்ளைகள் பலூனை ஊதுவார்களே, அப்படி. மெஷின் ஓடி முடிந்தது. நான் மூச்சு விடச் சொல்லியும் அவர் விடவில்லை. இன்னும் அரை நிமிடம் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் விட்டார்.

படம் வந்தது. நுரையீரல் குழாய் ஈயம் பூசாத பாத்திரம்போல மங்கிக் கிடந்தது. வட்டம் போட்டேன். தொண்ணூற்று நான்கு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பலகையின் பதினோராம் நாளில் ஒரு பெண்மணி வந்திருந்தார். பெயர் டோரிஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், நெஞ்சு வலியென்று வந்தார். ஊசி கொஞ்சம் தகராறு செய்தது, மருந்து வேகமாகப் போகவில்லை. அவர் படத்தில் எண் நூற்று இருபத்தொன்று. எனக்குத் தெரிந்தது. வெளியே பலகையில் பத்து என்று எழுதியிருந்தது, கூட வேலை செய்தவர்கள் அன்று காலைதான் அதைப் பார்த்துக் கைதட்டியிருந்தார்கள். படத்தை அப்படியே அனுப்பிவிட்டேன். மிரியம் இல்லை, யாரோ தெரியாத ஒரு டாக்டர் எங்கிருந்தோ பார்த்து, "படத்தின் தரம் குறைவு, பெரிய கட்டி தென்படவில்லை" என்று எழுதினார். தரம் குறைவு என்று எழுதுவது ரிப்பீட் கணக்கில் வராது. டோரிஸ் வீட்டுக்குப் போனார். மறுநாள் பலகையில் பதினொன்று என்று எழுதினார்கள், நானும் கைதட்டினேன். என்னைப்போல இன்னும் யார் யார் கைதட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது.

தொண்ணூற்று நான்கைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது கீத் தலையை நீட்டினார். "கோ, எல்லாம் சரிதானே? நம் விருந்தினர்கள் காத்திருக்கிறார்கள்." இந்த இடத்தில் விருந்தினர்கள் என்றது கோட் போட்டவர்களை.

"ரிப்பீட் எடுக்கணும் கீத்."

அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். திரையைப் பார்த்தார். "எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது? இதோ, இது நுரையீரல்."

"அது கல்லீரல்."

"சரி. டாக்டர் பார்த்து, தரம் குறைவு என்று எழுதட்டுமே. அது அறிக்கையில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ரிப்பீட் என்றால் என் பலகையில் பூஜ்யம்." குரலைத் தாழ்த்தினார். "அரை மணி நேரம் கோ. இரண்டு மணிக்கு போட்டோ. அதற்குப் பிறகு உனக்கு எத்தனை வேண்டுமோ எடுத்துக்கொள்."

அவர் கண்ணில் கெஞ்சல் இருந்தது. தலைமையகம் அவரையும் எந்தப் பலகையிலோ எழுதி வைத்திருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடராஜன் சார் மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த ஒரு பெரிய மூச்சு அவரிடம் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுவிட்டது. உதடு நிறம் மாறியிருந்தது.

நானாக மறுபடி மருந்து செலுத்த முடியாது. ஒரு ரேடியாலஜிஸ்ட் சரி சொல்ல வேண்டும். கணினி வரிசையில் பதிவு செய்தேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், காத்திருப்பு ஐம்பது நிமிடம் என்றது. மிரியமின் வீட்டு எண் என் போனில் இருந்தது. வரிசையைத் தாண்டிக் கூப்பிடக் கூடாது என்று விதி. கூப்பிட்டேன். பின்னால் நாய் குரைத்தது.

"டாக்டர், நான் சி.டி. கோமதி."

"எண்?" என்றார். ஹலோ கூட இல்லை.

"தொண்ணூற்று நான்கு."

"என்ன செய்தார்?"

"பிராணாயாமம்."

"அப்படியென்றால்?"

"ரொம்ப நன்றாக மூச்சு விட்டுவிட்டார் டாக்டர்."

இன்னொரு தடவை மருந்தைத் தாங்கச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது, ஊசி எப்படி என்று கேட்டார். "மறுபடி எடு. ஒன்றும் செய்ய வேண்டாமென்று சொல். ஒன்றுமே. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

கீத் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். நான் உள்ளே போனேன்.

"சார், இன்னொரு தடவை எடுக்கணும். இந்தத் தடவை மூச்சை இழுக்கவே வேண்டாம். நான் நிறுத்துங்கன்னதும், மூச்சு எங்க இருக்கோ அங்கயே நின்னுடணும்."

"அது கும்பகமே கிடையாதே சிஸ்டர். முறைப்படி மூச்ச முழுசா உள்ள இழுத்து, பூரகம் முடிஞ்சுதான்..."

"சார், சிக்னல்ல கார் நிக்கிற மாதிரி. ஆக்சிலேட்டரும் வேண்டாம், ரிவர்ஸும் வேண்டாம். சும்மா நிக்கணும்."

மகள் வெளியே நிற்கிறாளா என்று கதவைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லிட்டிருந்தது.

"மா, உண்மையச் சொல்றேன். மூணு நாளா மூச்சு வரல. அனுகிட்ட நடிச்சிக்கிட்டிருக்கேன். நீங்க மூச்ச எடுங்கன்னதும் எனக்கு... இன்னும் முடியுதான்னு பாத்தேன்." இரண்டு தடவை மூச்சு வாங்கினார். "முடிஞ்சுது. ஆனா இனிமே முடியாதுபோல இருக்கு."

"இனிமே ஒண்ணும் செய்ய வேண்டாம் சார். நான் பாத்துக்கறேன்" என்றேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்றுதான் கற்பிப்பார்கள்.

இரண்டாவது படம். மருந்து போயிற்று, வெள்ளை ஏறியது. "நிறுத்துங்க" என்றேன். நடராஜன் சார் ஒன்றுமே செய்யாமல் கிடந்தார். மெஷின் ஓடியது. "மூச்சு விடுங்க சார்."

திரையில் நுரையீரல் குழாய்கள் பால் ஊற்றினதுபோல வெள்ளையாக விரிந்தன. பெரிய குழாய் இடதும் வலதுமாகப் பிரியும் கவட்டில், இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டு ஒரு சாம்பல் நிறக் கட்டி கிடந்தது. கொடியில் போட்ட ஈரத் துண்டு மாதிரி. வட்டம் போடும் வேலை இல்லை. கீத்துக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

போன் அடித்தது. "நடக்க விடாதே" என்றார் மிரியம். வைத்துவிட்டார்.

நாங்கள் நோயாளியிடம் முடிவு சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த விதியை நான் மீறியதில்லை. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். தோளைப் பிடித்துப் படுக்க வைத்தேன்.

"என்ன சிஸ்டர், வாயுதானே?"

"டாக்டர் வந்து சொல்வாங்க சார். அசையாம படுத்திருங்க."

"சரி, சரி" என்றார். "அப்ப வாயு இல்ல."

ஐந்து நிமிடத்தில் ஆட்கள் ஓடி வந்தார்கள். படுக்கையோடு நடைபாதையில் தள்ளிக்கொண்டு போனபோது கோட் போட்ட மூவரும் கேக் மேஜையைச் சுவரோடு சேர்த்து நகர்த்தி வழிவிட்டார்கள். அனு கூடவே ஓடினாள். "ஆன்ட்டி, இஸ் ஹி கோயிங் டு பி ஓகே?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டாள். அதற்கும் நான் பதில் சொல்லக் கூடாது. தலையை மட்டும் ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. இந்தியத் தலையாட்டலில் அது ஒரு வசதி.

விழா நடந்தது. படிவம் நிரப்பும்வரை ரிப்பீட் அதிகாரபூர்வமாக நடக்கவில்லை என்று தலைமையகத்தார் கண்டுபிடித்தார்கள். அதனால் முதலில் ஷீல்டு, போட்டோ. பிறகு கேக். பிறகு நான் படிவம் நிரப்பினேன். பிறகு கீத் முப்பதை அழித்துப் பூஜ்யம் எழுதினார். ஏழாவது கட்டம்: ரிப்பீட்டுக்குக் காரணம். நோயாளி அசைந்தார், மெஷின் கோளாறு, ஊழியர் தவறு என்று மூன்று பதில்கள் இருந்தன. நான் ஓரத்தில், 'நோயாளி மூச்சு விட்டார்' என்று எழுதினேன்.

கீத் அதை வாசித்தார். "எல்லா நோயாளிகளும் மூச்சு விடுகிறார்களே கோ" என்றார் சோர்வாக.

அடுத்த வாரம் எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. வரிசையைத் தாண்டி டாக்டரை வீட்டில் கூப்பிட்டதற்கு எச்சரிக்கை ஒன்று. நோயாளியின் பாதுகாப்பில் காட்டிய சிறப்பான அக்கறைக்குப் பாராட்டு இன்னொன்று. இரண்டிலும் கீத்தின் கையெழுத்து, ஒரே பேனா.

நடராஜன் சார் பிழைத்தார். தீவிர சிகிச்சையில் சில நாள், பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. நான்கு மாதம் கழித்துக் கோயில் ஹாலில் முகாம் நடந்தது. முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். வேறு ஆளாக இருந்தால் அந்தக் கட்டிக்கு அங்கேயே போயிருப்பார் என்று டாக்டர்களே ஆச்சரியப்பட்டதாகவும், முப்பது வருடப் பிராணாயாமம்தான் தன்னைக் காப்பாற்றியது என்றும் மைக்கில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் அனு என் காதருகே, "ஆன்ட்டி, ஐ ஆம் ஸோ ஸாரி" என்றாள். நான் பரவாயில்லை என்றேன். மேடையில் நின்று அவர் மூச்சுவாங்காமல் முக்கால் மணி நேரம் பேசினார். எனக்கு அது போதும்.

மலர்க் குழுத் தம்பிக்கு இதுவரை போதும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் புதன்கிழமை இன்னும் கொஞ்சம் இருந்தது.

கேக் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் போனபிறகு டோரிஸின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நூற்று இருபத்தொன்று. பத்தொன்பது நாளில் அது மாறியிருக்கவில்லை. மிரியமைக் கூப்பிட்டேன். இந்த முறையும் வரிசையைத் தாண்டித்தான். என்ன நடந்தது, எப்போது, ஏன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பலகையைப் பற்றியும் சொன்னேன்.

அவர் மௌஸைச் சொடுக்கிப் படத்தைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"யார் எடுத்தது?" என்றார்.

அத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு நான் இவ்வளவு சிரமப்பட்டுப் பதில் சொன்னதில்லை. "நான்."

"இந்தப் பெண் என்ன வேலை செய்கிறார்?"

"பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார்."

போனை வைத்துவிட்டார். மறுநாள் காலை டோரிஸின் டாக்டரோடு அவரே பேசி வரச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு டோரிஸ் வந்தார். காலைச் சுற்று முடித்து, பேருந்துச் சாவி இடுப்பில் தொங்க, நேராக வந்திருந்தார். ஐம்பது வயது, கனத்த உடம்பு, கோபமான முகம். "எனக்கு இரண்டரைக்கு வண்டி எடுக்க வேண்டும். போன தடவை ஒழுங்காகச் செய்யத் தெரியாதா உங்களுக்கு?" என்றார்.

"தெரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். நியாயமாக வேறொருவர் எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கலாம். நானே எடுத்தேன். இந்த முறை ஊசிக்கு வேறு நரம்பு பார்த்தேன். வேகத்தைச் சரிபார்த்தேன். மூச்சைப் பற்றி இரண்டு தடவை சொன்னேன். பிறகுதான் பொத்தானை அழுத்தினேன்.

எண் முந்நூற்றுப் பத்து. வெள்ளை, வெள்ளை, கடைசிச் சின்னக் கிளைவரை வெள்ளை. எங்கேயும் சாம்பல் இல்லை. மிரியம் போன் செய்யவில்லை. நெஞ்சுவலி உண்மையிலேயே தசைவலிதான் என்று அறிக்கை வந்தது.

டோரிஸின் கையிலிருந்து ஊசியை எடுத்துப் பஞ்சு வைத்து ஒட்டிவிட்டேன். டாக்டர் முடிவு சொல்வார் என்றேன். அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அடுத்த வாரம் புகார் வந்தது. இரண்டு பக்கம், கையால் எழுதியது. ஒரே ஸ்கேனுக்கு இரண்டு தடவை வரவைத்தார்கள், இரண்டு தடவை குத்தினார்கள், ஒரு நாள் சுற்றுக்குத் தாமதமானது, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, அந்த இந்தியப் பெண்மணி ஆரம்பத்தில் அழப்போகிறவர் மாதிரி இருந்தார், படம் எடுத்த பிறகு என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே இருந்தார் என்று எழுதியிருந்தார்.

கீத் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். "கோ, விருந்தினரைப் பார்த்துச் சிரித்தாயா?"

"ஆமாம்."

"எதற்கு?"

அவரிடம் சொல்ல முடியாது; சொன்னால் பதினோராம் நாளிலிருந்து சொல்ல வேண்டும். மன்னித்துவிடுங்கள், இனிமேல் செய்ய மாட்டேன் என்றேன். அப்படிச் சொல்லும்போதும் வாய் மூடவில்லை. அவர் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, சிரித்து முடிக்கட்டும் என்று எனக்காகக் காத்திருந்தார்.